சிரிப்பு கேம் சைட்டும் ஒரு ரேஷன் கார்டு தலைப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2020-ல திருச்சி பக்கம் மூணு பேர் சேர்ந்து தமிழ்ல வீடியோ கேம் பத்தி ஒரு காமெடி சைட் ஆரம்பிச்சாங்க. அவங்க பேரையும் சைட் பேரையும் இங்க போடல, ஏன்னா அதுல ரெண்டு பேர் இன்னும் வேலைக்குப் போய்ட்டு இருக்காங்க. டொமைன், ஹோஸ்டிங், தீம் இதெல்லாம் பாத்துக் குடுத்தது நான், அதனால உள்ள நடந்ததுல பெரும்பாலும் கூடவே இருந்தேன். அந்த சைட்ல வந்த ஒரு ஜோக் தலைப்பை ஜனங்க நிஜம்னு நம்பி சிக்கலான கதை இது. இதே மாதிரி சைட் ஒண்ணு ஆரம்பிக்கணும்னு இப்போ நிறைய பசங்க கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் முழுசா எழுதி வைக்கிறேன்.

மூணு பேர்ல மூத்தவர் 2000-கள்ல பிரவுசிங் சென்டர் வச்சிருந்தவர், எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம். வைஸ் சிட்டி, ஐஜிஐ, ரோடு ராஷ், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 இந்த கம்ப்யூட்டர் கேமெல்லாம் ஊர்ல பாதிப் பசங்க அவர் கடையிலதான் கத்துக்கிட்டாங்க. ரெண்டாவது ஆள் ஒரு தம்பி, பெங்களூர்ல கேம் டெஸ்டரா இருந்தான், லாக்டவுன்ல வீட்லேருந்து வேலை. மூணாவது ஒரு அக்கா, ஒரு தமிழ் தினசரில சப் எடிட்டர், கேம் பெருசா ஆட மாட்டாங்க, ஆனா தலைப்பு போடுறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சைட் எப்படி வளந்துச்சு, எங்க சிக்கல் வந்துச்சு ரெண்டுக்கும் காரணம் இந்த மூணு பேரோட சேர்க்கைதான், அதனாலதான் இதை முதல்லயே சொல்லிடுறேன்.

2020 மார்ச் 25-ல லாக்டவுன் வந்ததும் வீட்ல இருந்த எல்லாரும் போனும் கையுமா பப்ஜி, ஃப்ரீ ஃபயர்னு உக்காந்துட்டாங்க, யூடியூப்ல தமிழ் கேமிங் சேனல் ஏகப்பட்டது இருந்துச்சு, ஆனா கேமைப் பத்தி தமிழ்ல சிரிக்கச் சிரிக்க எழுதுற இடம்னு அவங்க கண்ணுல ஒண்ணும் படல, எழுதுவோம்னு முடிவு பண்ணி மே மாசம் ஆரம்பிச்சாங்க.

முதல் ரெண்டு மாசம்

தம்பிக்கு இங்கிலீஷ்ல இந்த வகை சைட்டெல்லாம் பழக்கம். 1990-கள் கடைசில அமெரிக்காவுல ஓல்டு மேன் மர்ரேன்னு ஒரு சைட் இருந்துச்சு, ரெண்டு பேர் நடத்தினாங்க. ஒரு கேமை ஸ்டார்ட் பண்ணி எத்தனை செகண்ட்ல முதல் மரப்பெட்டி கண்ணுல படுதுன்னு கணக்கெடுத்து கேம்களுக்கு ராங்க் போட்டாங்க, பெட்டி வந்த நிமிஷமே டெவலப்பருக்கு ஐடியா தீந்துபோச்சுன்னு அர்த்தமாம். அந்த ரெண்டு பேரும் பின்னாடி வால்வ்ங்குற கேம் கம்பெனிக்கே போனாங்க, அதுல ஒருத்தர்தான் 2007-ல வந்த போர்ட்டல் கேமுக்கு கதை எழுதுனவர். 2017-லேருந்து ஹார்டு டிரைவ்னு இன்னொரு சைட், அது முழுக்க பொய்ச் செய்தி ஸ்டைல்.

தம்பி எழுதுன முதல் பதிவுகள் எல்லாம் அந்த வாடைலயே இருந்துச்சு. சைபர்பங்க் 2077-ங்குற கேம் ரிலீஸ் அப்போ தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சே, அதைப் பத்தி நாலஞ்சு எழுதினான், எந்த கேம் மெஷின் பெருசுங்குற கன்சோல் சண்டை பத்தி எழுதினான். நல்லா எழுதியிருந்தான், ஆனா படிக்க ஆள் வரல. காரணம் ரொம்ப சிம்பிள். படிக்கிறவங்க பெரும்பாலும் பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்ல ஆடுற பசங்க, இல்லன்னா ஒரு காலத்துல பிரவுசிங் சென்டர்ல ஆடி இப்போ குடும்பம் குட்டின்னு ஆனவங்க. விலை 3,000 ரூபா உள்ள பிசி கேம் தள்ளிப் போனா இவங்களுக்கு என்ன?

டெக்னிக்கலா ஒரு விஷயமும் அப்போ தெரிய வந்துச்சு. பதிவோட லிங்க்லயும் தமிழ்த் தலைப்பே வர்ற மாதிரி வச்சிருந்தோம், பாக்க அழகா இருக்கும், ஆனா அதைக் காப்பி பண்ணி வாட்ஸ்ஆப்ல போட்டா சதவீதக் குறியும் எண்ணுமா அரைப் பக்கத்துக்கு நீளும். தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்தை சேமிக்கிற முறைல, 3 பைட், லிங்க்ல அது 9 கேரக்டர், 'கே' மாதிரி உயிர்மெய் எழுத்துல ரெண்டு குறி இருக்குறதால 18. பாக்குறவங்க வைரஸ் லிங்க்னு நெனச்சு தொடவே மாட்டாங்க. அதனால லிங்கை மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல மாத்தினோம். ஆனா அதுக்குள்ள ஜனங்க ஒரு பழக்கத்துக்கு வந்துட்டாங்க: லிங்கை அனுப்ப மாட்டாங்க, தலைப்பும் படமும் இருக்குற இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவாங்க. இது பின்னாடி பெரிய விஷயமாச்சு.

தினசரித் தமிழ் உள்ள வந்தது

திருப்பம் அண்ணனால வந்துச்சு. ஒருநாள் குரூப் கால்ல அவர் சாதாரணமா ஐஜிஐ பத்திப் பேசிட்டு இருந்தார். 2000 கடைசில வந்த கேம், ஹீரோ பேர் ஜோன்ஸ், மிஷன் நடுவுல சேவ் பண்ற வசதியே கிடையாது, ஒரு பையன் முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து காவல்காரனை எல்லாம் தாண்டிப் போயிருப்பான், கரெக்டா கரண்ட் போகும், அவன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்னு சொன்னார். அக்கா அதைக் கேட்டுட்டே டைப் பண்ணிட்டாங்க:

"ராணுவத் தளத்தில் 45 நிமிடம் ஊர்ந்த ஜோன்ஸ், மின்வெட்டில் பலி. கம்ப்யூட்டர் சென்டரில் சோகம்."

அடுத்த வரி: "யுபிஎஸ் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என உறவினர்கள் கதறல்."

சைட்டோட குரல் கிடைச்சது இங்கதான்னு நான் நம்புறேன். தினசரில மாவட்டச் செய்தி எழுதுற தமிழ் ஒண்ணு இருக்கு, பரபரப்பு, அப்பகுதியில் சோகம், போலீஸார் விசாரணைன்னு, அந்தத் தமிழை அச்சு பிசகாம எடுத்து கேமுக்குள்ள நடக்குற விஷயத்துக்குப் போட்டா தானா சிரிப்பு வருது, யாரையும் புண்படுத்தவும் தேவையில்ல. டிவி கேம் கேசட் பத்தி ஒண்ணு எழுதினாங்க, "9,999 கேம்களையும் ஆடி முடித்த சிறுவன்: மொத்தம் ஆறுதான் என அதிர்ச்சித் தகவல்". அந்தக் கேசட்ட ஊதி ஊதிச் சொருகுன தலைமுறை மொத்தமும் அதை ஷேர் பண்ணுச்சு. வைஸ் சிட்டி சீட் கோடு எழுதி வச்ச நோட்டு பத்தி அண்ணனே ஒரு பதிவு எழுதினார், பான்ஸர்னு அடிச்சா டேங்க் வரும், ஆஸ்பிரின்னு அடிச்சா உயிர் ஏறும், அந்த நோட்டு யார்கிட்ட இருக்கோ அவன்தான் சென்டர்ல ராஜான்னு. அதுல செய்தி நடையே கிடையாது, நேரா நினைவா எழுதினார், இன்னைக்கு வரைக்கும் சைட்ல அதிகமா படிக்கப்படுறது அந்தப் பதிவுதான்.

இதே நேரத்துல எடுத்த இன்னொரு முடிவும் சரியான முடிவு. ஆன்லைன் ரம்மி பத்தி ஜோக் எழுதலாம்னு தம்பி கேட்டான், சூடான டாபிக்தான், ஆனா பணத்தை விட்டு உயிரையும் விட்டவங்க செய்தி அக்கா டெஸ்க்குக்கு வந்துட்டே இருந்துச்சு. அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நவம்பர்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு தடை பண்ணப்பக்கூட சைட்ல ஒரு வரி போடல.

பப்ஜி தடை

செப்டம்பர் 2, 2020. மத்திய அரசு ஐடி சட்டம் 69ஏ பிரிவுல 118 ஆப்பை தடை பண்ணுச்சு, அதுல பப்ஜி மொபைலும் ஒண்ணு. ஸ்டோர்லேருந்து எடுத்துட்டாங்க, ஆனா ஏற்கெனவே போன்ல வச்சிருந்தவங்களுக்கு அக்டோபர் 30 வரைக்கும் ஓடுச்சு. அந்த ரெண்டு மாசம் சைட்டுக்கு உச்சம். "போச்சிங்கியில் மனை வாங்க ஆளில்லை, ரியல் எஸ்டேட் வட்டாரம் கவலை" அப்படின்னு ஒண்ணு போட்டாங்க, போச்சிங்கி பப்ஜி மேப்ல வர்ற ஒரு ஊர், யாரைப் பாத்தாலும் அதை அனுப்பிட்டு இருந்தாங்க.

நவம்பர் 12-ம் தேதி பப்ஜி கார்ப்பரேஷன் இந்தியாவுக்குன்னு தனியா ஒரு பப்ஜி மொபைல் கொண்டு வரப்போறோம்னு அறிவிச்சுது. எப்போன்னு தேதி சொல்லல. உடனே ஊர் முழுக்க ஒரே கேள்வி: எங்க ரிஜிஸ்டர் பண்றது? ஸ்டோர் இல்லாம நேரா ஆப் இறக்குற ஏபிகே ஃபைல்னு போலி லிங்க்கெல்லாம் பறக்க ஆரம்பிச்சுது. சரியா இந்த நேரத்துலதான் சைட்ல இந்தத் தலைப்பு வந்துச்சு:

"பப்ஜி மீண்டும் வருகிறது: ரேஷன் கார்டுக்கு 60 யூசி இலவசம், இ-சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம்."

யூசிங்குறது பப்ஜிக்குள்ள செலவு பண்ற காசு. உள்ள படிச்சா ஒருத்தனும் ஏமாற மாட்டான். சர்க்கரை அட்டைக்கு 30 யூசி மட்டும், அரிசி அட்டைதாரர்களுக்குக் கூடுதலா ஒரு ஃப்ரையிங் பேன், கைரேகை விழாதவங்க மூணு ஹெட்ஷாட் அடிச்சு அடையாளத்தை நிரூபிக்கலாம்னெல்லாம் இருந்துச்சு. படத்தோட கீழ் ஓரத்துல சின்ன எழுத்துல "கற்பனை"ன்னும் போட்டிருந்தாங்க.

என்ன நடந்தது

ரெண்டாம் நாள் சாயங்காலம் அக்கா டெஸ்க்குக்கு ஒரு மாவட்ட நிருபர் போன் பண்ணார். "அக்கா, இங்க இ-சேவை மையத்துல பசங்க ரேஷன் கார்டோட வந்து நிக்கிறாங்க, பப்ஜிக்கு ஏதோ ஸ்கீமாம், ஜிஓ (அரசாணை) ஏதும் வந்திருக்கா?" அக்காவுக்கு தூக்கிவாரிப் போட்டுடுச்சு. வாட்ஸ்ஆப்ல தேடினா அந்தப் படம் பல தடவை ஃபார்வர்டு ஆனதுன்னு காட்டுற ரெட்டை அம்புக்குறியோட சுத்திட்டு இருந்துச்சு. அடியில இருந்த "கற்பனை" வெட்டுப்பட்டிருந்துச்சு. யாரும் திட்டமிட்டு வெட்டல, ஸ்கிரீன்ஷாட் எடுக்குறப்போ தலைப்பு வரைக்கும்தான் எடுத்திருக்காங்க, அவ்ளோதான்.

அதோட நிக்கல. எவனோ அதே படத்துக்குக் கீழ ஒரு லிங்க்கை சேத்து விட்டிருந்தான். கிளிக் பண்ணா பப்ஜி லாகின் மாதிரியே ஒரு பேஜ், ஃபேஸ்புக் ஐடி பாஸ்வேர்டு கேக்கும். அண்ணன் தெருவுலயே பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் அதுல அப்பாவோட ஃபேஸ்புக் பாஸ்வேர்டைப் போட்டுட்டான், ஏன்னா அவன் கேம் அக்கவுண்டே அப்பா ஐடிலதான் இருந்துச்சு. காலைல அப்பா பேர்ல எல்லாருக்கும் "அவசரமா 5,000 வேணும்"னு மெசேஜ் போயிருக்கு. அந்தப் பையன் அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "அண்ணே, நீங்க போடுற சைட்டுன்னுதான் நம்பினேன்"னு சொல்லியிருக்கான். அண்ணன் அதை எங்ககிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் யாரும் பேசல.

அன்னைக்கு ராத்திரி எடுத்த முடிவுகள்

முதல் சண்டை பதிவைத் தூக்கலாமா வேணாமான்னு. தம்பி உடனே டிலீட் பண்ணிடலாம்னான். அக்கா ஒத்துக்கல. படம் ஏற்கெனவே வெளில போயிடுச்சு, அதை நம்மால திரும்ப வாங்க முடியாது, சந்தேகம் வந்து ஒருத்தன் கூகுள்ல தேடினா அவனுக்கு ஏதாவது கிடைக்கணும், பேஜே இல்லன்னா "அப்போ நிஜமா இருந்திருக்கு, மறைச்சுட்டாங்க"ன்னு ஆகும்னாங்க. அதனால லிங்க் அப்படியே இருந்துச்சு, தலைப்பை மாத்தி, முதல் வரில இது கற்பனை, இப்படி ஒரு திட்டமே கிடையாது, யாருக்கும் பாஸ்வேர்டு குடுக்காதீங்கன்னு நேரடியா போட்டோம். நிருபருக்கும் அக்காவே திரும்ப கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிட்டாங்க.

ரெண்டாவது சண்டை மறுப்பை எப்படி எழுதுறதுன்னு. சைட் ஸ்டைல்லயே காமெடியா மறுப்பு போடலாம், அப்போதான் ஷேர் ஆகும்னு தம்பி சொன்னான். "காசு போனவன் வீட்ல உக்காந்து படிப்பான்டா, அவன்கிட்ட விளையாடாத"ன்னு அக்கா சொன்னதோட அது முடிஞ்சுது. பழைய படம் என்ன சைஸோ அதே சைஸ்ல, அதே ஃபான்ட்ல, ஒரு ஜோக்கும் இல்லாம ஒரு படம் பண்ணோம். இது பொய், பாஸ்வேர்டு போட்டிருந்தா இப்பவே மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட் குடுங்க, ரெண்டடுக்கு பாதுகாப்பு ஆன் பண்ணுங்க. படிச்சவங்களை அந்தப் படத்தை எந்த குரூப்ல பழசு வந்துச்சோ அதே குரூப்ல போடச் சொன்னோம். ஏப்ரல்லேருந்து நிறைய தடவை ஃபார்வர்டு ஆன மெசேஜை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு வச்சிருந்தாலும் பழைய படம் பரவத்தான் செஞ்சுது, ஏன்னா ஜனங்க ஃபார்வர்டு பண்ணாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து புதுசா போட்டுட்டு இருந்தாங்க.

அந்தப் போலி லாகின் பேஜை நான் கூகுள் சேஃப் பிரவுசிங்ல ரிப்போர்ட் பண்ணேன், டொமைன் வித்த கம்பெனிக்கும் மெயில் போட்டேன். பையனோட அப்பாவை வச்சு தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுத்தோம். அவர் ஃபேஸ்புக் அக்கவுண்ட் திரும்பக் கிடைச்சுது, சொந்தக்காரர் ஒருத்தர் அனுப்புன பணம் மட்டும் வரல, அதை மூணு பேரும் சேர்ந்து குடுத்துட்டாங்க. குடுக்கணும்னு சட்டம் ஏதும் இல்ல, அண்ணன் பிடிவாதமா நின்னார்.

ஏன் இந்தத் தலைப்பு மட்டும்?

உள்ள படிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேன்னு தம்பி ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தான். அவனுக்கே தெரிஞ்ச பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. 1992 ஏப்ரல் இதழ்ல எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி பத்திரிகை, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல ஷெங் லாங்னு ஒரு ரகசிய ஃபைட்டர் இருக்கான், ஒரு அடிகூட வாங்காம கடைசி வரைக்கும் போனா வருவான்னு ஏப்ரல் ஃபூல் ஜோக் போட்டுச்சு. வேற பத்திரிகைகளே அதை நிஜம்னு எடுத்துப் போட்டாங்க, உலகம் முழுக்க பசங்க காயின் போட்டு போட்டு ஆடினாங்க. கேம் ஆடுறவன் ரகசியத்துக்கு ஏங்கிட்டு இருக்குற ஆள், எதுக்கு ஏங்குறானோ அதைக் காட்டினா உடனே நம்பிடுவான். நவம்பர்ல நம்ம பசங்க ஏங்குனது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு.

ஆனா என் கணக்குல அதைவிட முக்கியமான காரணம் தலைப்போட அமைப்புலயே இருக்கு. ஜோன்ஸ் செத்தாரு, சிறுவன் ஆறு கேம்தான்னு கண்டுபிடிச்சான், போச்சிங்கில மனை விக்கல, இது எல்லாமே யாருக்கோ நடந்தது, படிக்கிறவன் செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல, சிரிச்சுட்டுப் போயிடலாம். ரேஷன் கார்டு தலைப்பு படிக்கிறவன் கைல ஒரு வேலையைக் குடுக்குது: கார்டை எடு, இ-சேவை போ, விண்ணப்பி. அது மட்டுமில்லாம அரசுத் திட்டம் எப்படி அறிவிப்பாங்களோ அதே வாக்கியம், அதுவும் நிஜ தினசரில தலைப்பு போடுற கையால எழுதுனது. எந்தத் தமிழால சைட் வளந்துச்சோ அந்தத் தமிழ்தான் நம்பவும் வச்சுது. இலவசம், கடைசி நாள், விண்ணப்பிக்கலாம், இந்த வார்த்தையெல்லாம் தமிழ்நாட்டுல ஒரு குடும்பத்தை எழுந்து நடக்க வைக்கிற வார்த்தை, அதை நம்பித்தான் ஜனங்க வாழுறாங்க, ஜோக்குக்குள்ள போட்டாலும் அதோட வேலையை அது செய்யும்.

அதுக்கப்புறம்

கொஞ்ச நாள் சைட்ல புதுசா எதுவும் போடல. திரும்ப ஆரம்பிச்சப்போ படிக்கிறவங்களை எதையும் செய்யச் சொல்ற தலைப்பு கிடையாதுன்னு முடிவாச்சு. "கற்பனைச் செய்தி"ங்குற முத்திரையை மூலைலேருந்து எடுத்து தலைப்புக்கும் படத்துக்கும் நடுவுல பட்டையா வச்சோம், வெட்டணும்னா தலைப்பையும் சேத்துத்தான் வெட்டணும். அசிங்கமா இருக்குன்னு தம்பி வருத்தப்பட்டான், எனக்கும் டிசைனா பிடிக்கல, ஆனா இன்னைக்கு வரைக்கும் அது அங்கதான் இருக்கு. தினம் ஒண்ணுன்னு இருந்தது வாரம் ஒண்ணாச்சு, பார்வை குறைஞ்சுது. விளம்பர வருமானம் ஹோஸ்டிங் செலவுக்கு சரியாப் போகும், அதுக்கு மேல எதிர்பாக்கவும் இல்ல.

பப்ஜியோட இந்திய வெர்ஷனான பிஜிஎம்ஐ 2021 ஜூலை 2-ல வந்துச்சு, 2022 ஜூலை கடைசில திரும்பவும் ஸ்டோர்லேருந்து காணாமப் போச்சு. அதே பதட்டம், அதே வதந்தி, போலி லிங்க் எல்லாம் திரும்ப வந்துச்சு. அன்னைக்கு சைட்ல வந்த தலைப்பு: "பிஜிஎம்ஐ நீக்கம்: பகலில் அறையைவிட்டு வெளியே வந்த மகனை அடையாளம் தெரியாமல் தாய் திகைப்பு." நல்லா ஓடுச்சு, ஒரு ஆள்கூட நிஜம்னு நெனைக்கல, அம்மாங்கதான் அதிகமா ஷேர் பண்ணாங்க. பதிவுக்கு அடியில தனியா ஒரு கட்டம் போட்டு இப்போதைக்கு அதிகாரபூர்வமா என்ன சொல்லியிருக்காங்கன்னு ரெண்டு வரில ஜோக் இல்லாம எழுதினாங்க. இது அக்கா ஐடியா. 2023 மே மாசம் கேம் திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கட்டத்துக்காகவே சிலர் வந்து போனாங்க.

இப்போ ஆரம்பிச்சா என்ன மாத்துவாங்க

மூணு பேர்கிட்டயும் இதைக் கேட்டேன். நடு முத்திரையும் மறுப்புப் படத்தோட டெம்ப்ளேட்டும் முதல் பதிவுக்கு முன்னாடியே ரெடியா இருக்கணும்னு அக்கா சொன்னாங்க, ஏன்னா அந்த ராத்திரி படம் பண்றதுக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல போச்சு, அதுக்குள்ள லிங்க் இன்னும் பல குரூப்புக்குப் போயிருந்துச்சு. தலைப்பை மட்டும் தனியா ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைட்டைத் தெரியாத ஒருத்தருக்கு அனுப்பி என்ன புரியுதுன்னு கேட்டுட்டுத்தான் போடணும்னு தம்பி சொல்றான், இப்போ அவன் அம்மாவுக்கு அனுப்புறான், அவங்க "நெஜமாவா?"ன்னு கேட்டா அந்தத் தலைப்பு போகாது. இங்கிலீஷ் சைட்டைப் பாத்து எழுதுன ரெண்டு மாசத்தை மிச்சம் பண்ணி நேரா பிரவுசிங் சென்டர்லேருந்தே ஆரம்பிச்சிருக்கலாம்ங்குறது அண்ணன் கருத்து, எனக்கும் அதேதான்.

இப்போ ஷார்ட்ஸ் மாதிரி சின்ன வீடியோவா பண்ணலாமான்னு பேச்சு ஓடுது. அதுல பட்டை முத்திரை வேலை செய்யாது, பத்து செகண்டை வெட்டி எடுத்தா எல்லாம் போயிடும். தலைப்பை வாசிக்கிற குரல்லயே, வாக்கியத்துக்கு நடுவுல "கற்பனை"ன்னு சொல்லிப் பாக்கலாம்னு அக்கா ரெண்டு மூணு விதமா ரெகார்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க, இன்னும் எதுவும் சரியா வரல, வர்ற வரைக்கும் வீடியோ வேணாம்னு நிறுத்தி வச்சிருக்காங்க.